தாத்தாவை 'கர்மட்ஜன்' என்று எழுதலாமா?

கந்தப்பளைப் பேத்தி

எல்லோருக்கும் வணக்கம். ஒரு ஆங்கிலச் சொல்லால் எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதம். இங்கே ஆங்கிலம் படிப்பிப்பவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் இருப்பதால் உங்களிடமே கேட்கிறேன்.

தாத்தாவின் முதலாண்டுத் திவசத்துக்கு ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறோம். பேரப்பிள்ளைகளில் பாதிப் பேர் வெளிநாட்டில். அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதனால் இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் போடுவோம் என்று முடிவாகி, எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் தாத்தாவை 'லவபிள் ஓல்ட் கர்மட்ஜன்' என்று எழுதினேன். சின்ன மாமா போனில் தேடிப் பார்த்துவிட்டு, "என் அப்பாவைச் சிடுமூஞ்சிக் கிழவன் என்று அச்சில் போடப் போகிறாயா?" என்று கேட்டுவிட்டார். கனடாவில் இருக்கும் அண்ணனோ, அது பாசமாகச் சொல்கிற வார்த்தை, அப்படியே விடு என்கிறான்.

தாத்தா கோபக்காரர்தான். அவரைச் சாந்தமானவர் என்று எழுதினால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒருவரும் நம்பமாட்டார்கள். தேத்தண்ணி ஆறியிருந்தால் கோப்பையை எடுக்கமாட்டார். ஒற்றை விரலால் தள்ளி வைப்பார், ஒரு வார்த்தை வராது. பாட்டி திரும்பவும் அடுப்பை ஊதுவார். ரேடியோவில் செய்தி போகும்போது யாராவது இருமினால்கூடத் திரும்பிப் பார்ப்பார்.

இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன அர்த்தம்? செத்தவரைப் பற்றி எழுதும்போது போடலாமா?

ஹட்டன் டீச்சர்

முதலில் சொல்லைப் பார்ப்போம் மகள். சி, யு, ஆர், எம், யு, டி, ஜி, இ, ஓ, என். வாசிக்கும்போது அழுத்தம் நடு அசையில் விழும், 'டி' தனியாகக் கேட்காது. கிட்டத்தட்ட 'கர்மஜன்'.

எதற்கெடுத்தாலும் குறை சொல்லிக்கொண்டு, கிட்டே போனால் எரிந்து விழுகிற ஆள் என்பது பொருள். பெரும்பாலும் வயதானவர், பெரும்பாலும் ஆண். ஒரு நாளைய மனநிலைக்கு இதைச் சொல்வதில்லை, ஆளின் சுபாவத்துக்குத்தான் சொல்வார்கள். தூக்கம் கெட்டு எழுந்த பிள்ளையை 'கிரம்பி' என்கிறோம், சாப்பிட்டதும் சரியாகிவிடும். கர்மட்ஜன் சாப்பிட்ட பிறகும் கறியில் உப்பில்லை என்பார்.

நம்முடைய 'சிடுமூஞ்சி' முகத்தை வைத்து வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையையும் சொல்லலாம், கடை முதலாளியையும் சொல்லலாம். கர்மட்ஜனுக்கு முகத்தைவிட வாய் முக்கியம். இந்தக் காலத்துப் பாட்டு சரியில்லை, பாண் விலை சரியில்லை, பிள்ளைகள் உடுத்துவது சரியில்லை என்று உலகத்தின் மேலேயே ஒரு நிரந்தர முறைப்பாடு இருக்க வேண்டும்.

'லவபிள்' சேர்ந்தால் கூர் மழுங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் அகராதியில் அந்தச் சொல் தனியாகத்தான் இருக்கும். உங்கள் மாமா பார்த்தது அதைத்தான். அவர் கோபப்பட்டதும் நியாயமே.

டொரொண்டோவில் ராகலையான்

நான் இதை அடிக்கடி கேட்கிறேன். இங்கே வேலைத்தலத்தில் ஓய்வு பெறப் போகிறவர் மேடையேறி, தானே தன்னை 'ஓல்ட் கர்மட்ஜன்' என்று சொல்லிக்கொள்வார், எல்லோரும் கை தட்டுவார்கள். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவர்கள் சிலர் அதைப் பட்டம் போலவே வைத்துக்கொள்கிறார்கள். ஊருக்குப் பிடிக்காததைத் துணிந்து சொல்கிறவன், வாய் கடுமை, மனது நல்லது என்கிற தொனி.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். தன்னைத் தானே சொல்லலாம், கூடப் பழகியவர்கள் சொல்லலாம். முன்பின் தெரியாதவர் சொன்னால் ஏச்சுத்தான். தாத்தாவைப் பேத்தி சொல்வது கூடப் பழகியவர் சொல்வதுதான். எனக்கென்னவோ தாராளமாகப் போடலாம்.

அகராதிப் பித்தன்

இந்தச் சொல்லின் கதையே தனி. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுத்தில் வருகிறது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாராலும் நிறுவ முடியவில்லை. அந்தக் காலத்தில் இதற்கு முதற்பொருள் கோபக்காரன் அல்ல, கருமி. 1755இல் சாமுவேல் ஜோன்சன் தன் ஆங்கில அகராதியில் பேராசை பிடித்த முரடன், கஞ்சன் என்கிற மாதிரித்தான் பொருள் தருகிறார். பணத்தை இறுக்கிப் பிடிக்கிறவனின் முகமும் இறுகித்தான் இருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ, கஞ்சத்தனம் மெல்ல உதிர்ந்து கடுகடுப்பு மட்டும் மிஞ்சியது.

ஜோன்சனுக்கு யாரோ பெயர் தெரியாத ஒருவர் கடிதம் எழுதி, இது பிரெஞ்சில் 'கெட்ட மனது' என்று பொருள்படும் 'கேர் மேஷான்' என்ற இரண்டு சொற்களின் திரிபு என்று சொல்லியிருக்கிறார். ஜோன்சன் நேர்மையானவர். அந்த விளக்கத்தைப் போட்டு, பக்கத்திலேயே 'அறியாத நிருபர்' என்று குறித்துவைத்தார். நிருபர் என்றால் இங்கே கடிதம் எழுதியவர். 1775இல் ஜோன் ஆஷ் என்பவர் தன் அகராதிக்கு இதை எடுத்தாண்டபோது, 'கேர்' என்றால் 'அறியாத', 'மேஷான்' என்றால் 'நிருபர்' என்று பிரெஞ்சுக்குப் பொருள் எழுதிவிட்டார்! அகராதிக்காரர்கள் இருநூறு வருடத்துக்கு மேலாக இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தப் பிரெஞ்சு விளக்கத்தையும் இப்போது யாரும் ஏற்பதில்லை.

இன்னொன்று. 1600இல் பிலெமன் ஹொலண்ட் என்பவர் ரோமாபுரி வரலாற்றை இலத்தீனிலிருந்து மொழிபெயர்த்தபோது, தானியத்தைப் பதுக்கிவைக்கிற வியாபாரிகளுக்கு 'கோர்ன்மட்ஜின்' என்று எழுதினார். 'கோர்ன்' என்றால் தானியம். சொல் அங்கிருந்துதான் பிறந்தது என்று சிலர் நம்பினார்கள். ஆனால் அதற்கு முன்பே அது 'கர்' என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. ஹொலண்ட் சொல்லோடு விளையாடியிருக்கிறார், அவ்வளவே.

மேட்டு லயம்

தானியம் பதுக்குகிறவனுக்குப் பெயர் வைத்தது சரியான காரியம். நம் தோட்டங்களில் அரிசியைக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்த காலம் ஒன்று இருந்தது. எங்கள் பெரியவர்கள் அந்தக் கணக்கைப் பற்றிப் பேசும்போதே குரல் மாறும்.

பிள்ளை, உங்கள் தாத்தா தோட்டத்தில் என்ன வேலை செய்தார்? கோபம் எதற்கு வரும்? தேத்தண்ணிக்கு மட்டும்தானா? இது தெரியாமல் சொல் பொருந்துமா பொருந்தாதா என்று பேசுவதில் பயனில்லை.

கந்தப்பளைப் பேத்தி

நன்றி ஐயா. கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிவிடுகிறவர். கொஞ்ச காலம் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவராகவும் இருந்தார், அது 70களில். அம்மா சொல்வது இது:

அப்போது கொழுந்து நிறுக்கிற இடத்தில் கழிப்பு அதிகம். சாக்குக்கு என்று கொஞ்சம், ஈரத்துக்கு என்று கொஞ்சம். மழை நாள் என்றால் கேட்கவே வேண்டாம். வெயில் நாளிலும் ஈரத்துக்குக் கழிப்பார்கள். தாத்தா கவ்வாத்து வேலை முடிந்ததும் வீட்டுக்கு வரமாட்டாராம். கத்தியைக் கழுவிச் சாக்கில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு நேரே நிறுக்கிற இடத்துக்குப் போய்த் தராசுக்குப் பக்கத்தில் நிற்பார். முள் எங்கே நிற்கிறதென்று பார்த்து, அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்வார். பிறகு கணக்கப்பிள்ளை புத்தகத்தில் எழுதுவதை எட்டிப் பார்ப்பார். இரண்டும் ஒத்துவராவிட்டால் அந்த இடத்திலேயே சண்டை. அதனால் ஆபீஸில் அவருக்கு வைத்த பெயர் 'கத்திக்காரன்'. வாயும் கத்தி, கையிலும் கத்தி. தோட்டத்தை நிர்வகித்த துரையும் அப்படித்தான் கூப்பிட்டாராம்.

மேட்டு லயம்

இதைத்தான் கேட்க நினைத்தேன். உங்கள் தாத்தா கோபக்காரர் இல்லை பிள்ளை. அவருக்குக் கோபம் வந்தது. இரண்டும் வேறு.

அரைப்பேர் போடுவது என்றால் என்ன என்று உங்கள் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாது. குறித்த அளவு கொழுந்து வராவிட்டால் அன்றைய நாள் முழுப்பேர் ஆகாது, அரை நாள் சம்பளம்தான். கழிப்பில் போகிற அந்தக் கொஞ்சம்தான் முழுப்பேரை அரைப்பேராக்கும். காலையிலிருந்து அட்டைக்கடியோடு மலையில் நின்ற பெண்ணுக்கு அது அடுத்த நாள் மாவு வாங்கும் காசு. அதற்காகச் சத்தம் போட்டவரை ஆபீஸ் என்ன பெயரில் கூப்பிட்டதோ, அதையே பேத்தி ஆங்கிலத்தில் எழுதிவிடக் கூடாது என்பதுதான் எனக்குக் கவலை.

துரை கத்தினால் 'கண்டிப்பானவர்'. வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் காலை ஆறு மணிக்கே எல்லோர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி ஏசுகிறவரைப் பற்றி, 'துரை கொஞ்சம் ஸ்ட்ரிக்ட்' என்றுதான் நாங்களே சொல்லிப் பழகினோம். தொழிலாளி கத்தினால்தான் குணக்கேடு. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வருவதற்கு எத்தனை வருடம் எத்தனை பேர் சத்தம் போட வேண்டியிருந்தது? அவர்கள் எல்லோரும் கர்மட்ஜன்களா?

அகராதிப் பித்தன்

ஐயா சொன்ன துரை விஷயத்துக்கு ஆங்கிலத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 'சர்லி' என்ற சொல்லை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். கேட்ட கேள்விக்கு முகம் கொடுக்காமல், வெடுக்கென்று பதில் சொல்கிற ஆள். பஸ் கொண்டக்டர், கவுண்டரில் இருப்பவர் என்று கீழ்மட்ட வேலைக்காரர்களைத்தான் இன்று பெரும்பாலும் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் பிறந்தது 'சேர்' என்று நாம் கூப்பிடுகிறோமே, அந்தச் சொல்லிலிருந்து. முதலில் 'சேர்லி' என்பது போல எழுதினார்கள், பிரபுவைப் போல நடந்துகொள்வது, அதிகாரத் தோரணை என்று பொருள். தமிழில் துரைத்தனம் என்கிறோமே, சரியாக அதுதான். மேலே இருந்தவர்களின் குணத்துக்கு வைத்த பெயர் காலப்போக்கில் கீழே இருப்பவர்களின் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

பதுளை அக்கா

எல்லோரும் தாத்தாவையே பேசுகிறீர்கள். இந்தச் சொல் ஏன் ஆணுக்கு மட்டும் வருகிறது என்று யாராவது யோசித்தீர்களா?

வயதான ஆண் எரிந்து விழுந்தால் ஆங்கிலத்தில் கர்மட்ஜன், அதற்கு முன்னால் 'லவபிள்' வேறு. அதே வேலையைப் பெண் செய்தால் 'ஷ்ரூ'. அது மூஞ்சூறு வகைப் பிராணியின் பெயர். அதுவும் ஆரம்பத்தில் கெட்ட ஆணைச் சொல்லத்தான் பயன்பட்டது, பிறகு பெண்ணிடம் தள்ளிவிட்டார்கள். 'லவபிள் ஷ்ரூ' என்று நான் எங்கும் வாசித்ததில்லை. தமிழில் மட்டும் என்ன? தாத்தா முன்கோபி, பெரியப்பா துர்வாசர். துர்வாசர் என்றால் முனிவர், மரியாதை குறையவில்லை. பெண் என்றால் பஜாரி, வாய்க்காரி. நிறுக்கிற இடத்தில் தன் கூடைக்காகத் தானே வாய் திறந்த பெண்கள் எல்லாத் தோட்டத்திலும் இருந்தார்கள். அவர்களுக்கு ஆபீஸில் வைத்த பெயரை யாரும் நினைவு மலரில் போடமாட்டார்கள்.

மேட்டு லயம் ஐயாவுக்கு ஒன்று. தராசுப் பக்கத்தில் வந்த கோபத்துக்கு நியாயம் இருந்தது, முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தங்கச்சி முதலில் எழுதியதைத் திரும்ப வாசியுங்கள். தேத்தண்ணி ஆறினால் விரலால் தள்ளி வைப்பார், பாட்டி திரும்ப அடுப்பை ஊதுவார். அந்தப் பாட்டியும் காலையிலிருந்து கொழுந்தெடுத்துவிட்டு வந்தவர்தானே? அந்தக் கோபத்துக்கு எந்தக் கழிப்பு காரணம்?

மேட்டு லயம்

நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் தலைமுறை ஆண்களில் வெளியே தலைவராக இருந்தவர்கள் பலர் வீட்டுக்குள் துரையாகத்தான் இருந்தார்கள்.

டொரொண்டோவில் ராகலையான்

நான் இதை இவ்வளவு தூரம் நினைக்கவில்லை. இங்கே அந்தச் சொல்லைக் கேட்கும்போது தாடி வைத்த, பென்ஷன் எடுக்கிற வெள்ளைக்காரர்தான் கண்ணுக்கு வருவார். அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் புல்வெட்டும் மெஷின் சத்தம்தான் பிரச்சினை. என் பிள்ளைகள் 'கர்மட்ஜன்' என்று வாசித்தால் நம் தாத்தாவையும் அந்த ஆளாகத்தான் நினைப்பார்கள். தராசு நினைவில் வராது. முதலில் போடலாம் என்று சொன்னவன் நான்தான், ஆனால் இந்தப் பதிவுகளை வாசித்த பிறகு வேண்டாம் என்றே சொல்வேன்.

லிந்துலை இளையவன்

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. எங்கள் ஊரில் இப்படிப்பட்டவரைப் 'பித்த உடம்பு' என்பார்கள். ஆங்கிலத்திலும் அப்படி ஏதும் இருக்கிறதா?

அகராதிப் பித்தன்

இருக்கிறது தம்பி, ஏராளமாக. ஐரோப்பிய வைத்தியத்தில் பழைய கிரேக்கர் காலத்திலிருந்து நான்கு திரவக் கணக்கு: இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். மஞ்சள் பித்தம் கூடினால் கோபம். 'கொலரிக்', 'பிலியஸ்' இரண்டும் அந்தப் பித்தத்தில் பிறந்த சொற்கள். நமக்கு வாதம், பித்தம், கபம் என்று மூன்று. வைத்தியம் மாறிவிட்டது, சொற்கள் தங்கிவிட்டன.

ஹட்டன் டீச்சர்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன் மகள். நீங்கள் ஒரே சொல்லில் இரண்டு கோபத்தையும் போட்டு மூடப் பார்த்தீர்கள், அதுதான் சிக்கல் என்று எனக்குப் படுகிறது. பதுளை அக்கா சொன்னது போல அவை ஒரே இடத்தில் பிறக்கவில்லை.

வீட்டுக் கோபத்துக்கு 'ஷோர்ட்-டெம்பர்ட்' போதும். சட்டென்று வரும், சட்டென்று போகும், நம்முடைய முன்கோபி. 'கான்டாங்கரஸ்' என்று சிலர் எழுதுவார்கள். அது வம்புக்கு அலைகிற ஆள், வேண்டாம். 'இரிட்டபிள்' நோயாளிக்குச் சொல்வது போல இருக்கும், அதுவும் வேண்டாம். தராசுக் கோபத்துக்குப் பெயரடையே தேவையில்லை. உங்கள் அம்மா சொன்னதை அப்படியே எழுதுங்கள். கத்தியைச் சாக்கில் சுற்றியது, முள்ளைப் பார்த்து எண்ணைச் சொன்னது, புத்தகத்தை எட்டிப் பார்த்தது. ஆங்கிலத்தில் எளிய வினைச்சொற்களே போதும். ஆபீஸ் வைத்த பெயரையும் எழுதுங்கள், ஆனால் யார் வைத்தார்கள் என்பதோடு சேர்த்து.

கந்தப்பளைப் பேத்தி

நன்றி டீச்சர், நன்றி அக்கா, ஐயா, எல்லோருக்கும். நேற்று இரவு திரும்ப எழுதினேன். முதல் பந்தி முழுக்கத் தராசு. இரண்டாவது பந்தியில் வீடு. தேத்தண்ணிக் கோப்பையும் இருக்கிறது, அடுப்பூதிய பாட்டியும் இருக்கிறார். பாட்டியிடம் போனில் வாசித்துக் காட்டித் தமிழில் சொன்னேன். "ஆறின தேத்தண்ணியை நான் ஒரு நாளும் வேணுமென்று கொடுக்கல, விறகு ஈரம்" என்றார். அதையும் சேர்த்துவிட்டேன். 'கர்மட்ஜன்' இல்லை. சின்ன மாமா முதல் பந்திக்குச் சரி என்றார். இரண்டாவது வேண்டாம் என்கிறார். பாட்டி இருக்கட்டும் என்கிறார், அதனால் இருக்கும்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். நிறுவையை அம்மா இறாத்தலில்தான் சொல்கிறார். கிலோவாக மாற்றவா?

மேட்டு லயம்

மாற்ற வேண்டாம் பிள்ளை. அப்போதைய கொழுந்துத் தராசும் இறாத்தல், புத்தகமும் இறாத்தல்.

ஹட்டன் டீச்சர்

ஆங்கிலத்தில் 'பவுண்ட்' என்று போட்டு, முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் ஏறக்குறைய 450 கிராம் என்று குறியுங்கள். கனடாப் பிள்ளைகளுக்கு அது போதும். 'ஷோர்ட்-டெம்பர்ட்' எழுதும்போது நடுவில் சிறு கோடு மறக்காதீர்கள், அச்சகத்தில் அதை விட்டுவிடுவார்கள்.